கராஜில் விட்ட வாகனம் கெட்டுப்போனால்...

"பழய வாகனம் தானே தம்பி, எப்ப சரி ஒரு நாள் போகத்தான் இருந்திச்சு."

திருத்த வேலைக்காக வாகனத்தைக் கராஜில் ஒப்படைத்துவிட்டு, முன்பிருந்த கோளாறை விடப் பெரிய கோளாறோடு அதைத் திரும்பப் பெற்றவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானதாகவே இருக்கும். கேட்டவர் சற்றுக் கோபக்காரராக இருந்தால் அந்த இடத்திலேயே வாய்ச்சண்டை மூளும். அமைதியானவராக இருந்தால் "நஸீபு இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு கடன்பட்டு வேறு கராஜில் செய்வித்துக்கொள்வார். இந்த இரண்டு வழியாலும் எவருக்கும் நட்டஈடு கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றாவது வழி ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தின் மூலமே அதை நானும் அறிந்துகொண்டேன்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு காலை

என் தங்கையின் கணவர் மாவனல்லைப் பகுதியிலிருந்து கண்டிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஓட்டுகிறார். பழைய 'டொல்பின்' வான் அது. அந்தக் குடும்பத்தின் அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் கொப்பி புத்தகமும் அந்த வானிலிருந்துதான் வருகின்றன.

ஏற்றங்களில் சூடு காட்டும் முள் சற்று உயர்வதைக் கண்டு, ஒரு சனிக்கிழமை அவர் வானைக் கராஜில் விட்டார். கராஜ்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. அவருடைய மகளும் அந்த வானில்தான் பாடசாலைக்குப் போகிறாள். தேர்மோஸ்டட்டையும் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, மாலையில் வானைக் கொடுத்தார்கள். 18,500 ரூபா கொடுக்கப்பட்டது. பற்றுச்சீட்டு எதுவும் கேட்கப்படவில்லை. "நானாவிடம் போய் எப்படி பில் கேட்பது?" என்ற முகத்தாட்சண்யம்தான் காரணம்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணியிருக்கும். பதினான்கு பிள்ளைகளோடு கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவில் முன் இருக்கையின் அடியிலிருந்து ஆவி கிளம்பியது. மச்சான் உடனே வானை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கி, பின்னால் வந்த பஸ்களில் ஏற்றி அனுப்பினார். இருவருக்கு அன்று தவணைப் பரீட்சை. இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோது புதிதாகப் போட்ட ஹோஸ் கழன்று கிடந்தது. அதை இறுக்க வேண்டிய கிளிப், கையால் சுற்றக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தது.

அப்போது அவர் செய்த ஒரு காரியம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் கை கொடுத்தது. எதையும் தொடாமல், கழன்ற ஹோஸையும் கிளிப்பையும் தண்ணீர் தெறித்திருந்த இடத்தையும் கைத்தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் கராஜிலிருந்து வந்த பையன், வந்த வேகத்தில் ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றி, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். வெள்ளைப் புகை வந்தது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஒயில் இருந்தது. ஹெட் கஸ்கட் போய், ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

திருத்துவதற்கு ஏறக்குறைய 140,000 ரூபா ஆகும் என்றார்கள். அன்று மாலை கராஜ்காரர் சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

சட்டம் யார் பக்கம்?

கராஜ்காரர் பெரும்பாலும் மூன்று பதில்களை வைத்திருப்பார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "பழைய வாகனம்" என்பது. வாகனம் பழையது என்பது, செய்த வேலையைச் சரியாகச் செய்யாமல் விடுவதற்கு அனுமதியாகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, பணம் பெற்றுக்கொண்டு ஒரு வியாபாரி வழங்கும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. அந்த வேலைக்காகப் போடப்படும் பொருள்களும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். ஆனால் நாமும் நியாயமாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய எஞ்சினுக்குப் புதுப் பாகங்கள் போடப்படும்போது வாகனத்தின் நிலை முன்பை விட மேம்படுகிறது. அந்த மேம்பாட்டுக்குரிய பங்கைக் கழித்துக் கேட்பதே முறை.

இரண்டாவது, சுவரில் தொங்கும் பலகை: "வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்பட வேண்டும்." இந்தப் பலகையைக் கண்டதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், தன் கவனக்குறைவால் விளைந்த சேதத்துக்கான பொறுப்பை ஒருவர் ஓர் அறிவித்தலால் தட்டிக்கழிப்பதற்கு எல்லை வகுத்துள்ளது. அத்தகைய நிபந்தனை நியாயமானது என்று காட்டப்பட்டால்தான் செல்லும். உயிரிழப்போ உடற்காயமோ ஏற்பட்டால் அறவே செல்லாது. ஆகவே அந்தப் பலகை பேச்சை முடித்துவைப்பதில்லை.

மூன்றாவது, "இதை நான் செய்யவில்லை, வேலைப் பையன் செய்தது" என்பது. தன் வேலையாள் வேலையின்போது காட்டிய கவனக்குறைவுக்கு முதலாளியே பொறுப்பாளி. மேலும், கராஜின் கதவுக்கு உள்ளே நடந்தது நமக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். ஒருவருக்கே விசேடமாகத் தெரிந்த விடயத்தை நிரூபிக்கும் சுமை அவரையே சாரும் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு கூறுகிறது. நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படியும், பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர் அதைச் சேதத்தோடு திருப்பிக் கொடுத்தால், அது தன் கவனக்குறைவால் நேரவில்லை என்பதை அவர்தான் காட்ட வேண்டும். நம்மவர்கள் 'அமானிதம்' என்று சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாகனத்தை நல்ல நிலையில் கொடுத்தோம் என்பதையும், சேதம் அந்த வேலையோடு தொடர்புள்ளது என்பதையும் நாம் காட்டினால்தான் இவையெல்லாம் நமக்குப் பயன்படும். அங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

முதல் மூன்று நாள்களில் செய்ய வேண்டியவை

1. சேதத்தைக் கண்டவுடன் ஓட்டத்தை நிறுத்துங்கள். "மெதுவாக வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டினால், மேலும் கெட்டதற்கு நீங்களே காரணம் என்ற பதில் வரும். அந்தப் பதில் நியாயமாகவும் இருக்கும்.

2. எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். கிலோமீற்றர் காட்டும் மானியையும் சேர்த்து எடுங்கள். கராஜிலிருந்து வந்த பின் வாகனம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதை அது காட்டும்.

3. கழற்றிய பழைய பாகங்களை வீசிவிடாதீர்கள். உடைந்த ஆணி, கிழிந்த பெல்ட், எரிந்த கஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பையில் இட்டுத் திகதி எழுதி வையுங்கள்.

4. வேறு கராஜில் திருத்துவதற்கு முன்பு, முதல் கராஜ்காரர் வந்து பார்வையிட ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். அவர் பார்க்கும் முன்பே எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டால், "நான் பார்க்கவில்லையே" என்று அவர் தப்பித்துக்கொள்ளலாம்.

5. சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் அல்லது வாகன மதிப்பீட்டாளரிடம், என்ன கெட்டது, எதனால் கெட்டது, திருத்த எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். "கராஜ்காரன் பிழை" என்று அவர் வாயால் சொல்வதில் பயனில்லை. கையொப்பமிட்ட ஒரு தாள் வேண்டும்.

மச்சான் பிலிமத்தலாவையில் ஒரு மெக்கானிக்கிடம் வானை இழுத்துச் சென்று காட்டினார். அந்த மனிதர் எழுதிக் கொடுத்த அரைப்பக்கத் தாளில் ஒரு முக்கியமான விடயம் இருந்தது. "முள் ஏறியதைப் பார்த்தும் ஓட்டியிருப்பார்" என்று கராஜ்காரர் சொல்லியிருந்தார் அல்லவா? ஹோஸ் தளர்ந்து தண்ணீர் மெல்ல மெல்லக் குறையும்போது, சூட்டை அறியும் கருவி தண்ணீரைத் தொடாமல் வெறுமனே நிற்கும். அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் சரியாக ஏறிக் காட்டாது. ஆகவே முள்ளைப் பார்த்து ஓட்டியவர் ஏமாந்திருக்கலாம் என்று அவர் விளக்கியிருந்தார். படமும் இந்தத் தாளும் சேர்ந்தே நிலைமையை மாற்றின.

பணம் கொடுக்காவிட்டால் வாகனம் தரமாட்டார்களே?

இது பலர் கேட்கும் கேள்வி. தான் செய்த வேலைக்கான கூலி கிடைக்கும் வரை வாகனத்தைத் தன் வசம் வைத்திருக்கும் உரிமை திருத்துபவருக்கு உண்டு. ஆகவே பலவந்தமாக வாகனத்தை எடுத்துக்கொண்டு வர முனையாதீர்கள். பொலிஸ் வரை போய் நம் பக்கமே பிழையாகிவிடும். வாகனம் உடனே தேவையென்றால் பணத்தைச் செலுத்துங்கள். ஆனால் பற்றுச்சீட்டிலேயே "வேலையில் குறையுள்ளது, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதித் திகதியிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கொடுத்ததால் குறையை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்ற வாதத்துக்கு அதன் பின் இடமில்லை.

கராஜில் ஏற்பட்ட கவனக்குறைவு பொலிஸ் முறைப்பாட்டுக்குரிய விடயமல்ல, அது சிவில் பிணக்கு. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதைப் பூட்டியிருந்தால், அல்லது வாகனத்தைச் சொந்தத் தேவைக்கு எடுத்துச் சென்று மோதியிருந்தால் அது வேறு விடயம். அங்கே பொலிஸுக்குப் போகத்தான் வேண்டும். முழுக் காப்புறுதி உள்ளவர்கள் விபத்துச் சேதத்தை உடனே காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். எஞ்சின் கோளாறு போன்றவற்றைச் சாதாரண வாகனக் காப்புறுதிகள் பொதுவாக ஏற்பதில்லை.

ஒரு கடிதம்

வாய்ப்பேச்சு இரண்டு முறை தோற்றால் மூன்றாவது முறை பேசப் போகாதீர்கள், எழுதுங்கள். மச்சான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"இன்ன திகதியில் இன்ன இலக்க வாகனத்தை உங்களிடம் இன்ன வேலைக்காக ஒப்படைத்தேன். இவ்வளவு பணம் செலுத்தினேன். இரண்டு நாள்களின் பின் நீங்கள் பூட்டிய ஹோஸ் கழன்று எஞ்சின் சேதமடைந்தது. படங்களும் மெக்கானிக்கின் அறிக்கையும் மதிப்பீடும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஏழு நாள்களுக்குள் வாகனத்தைப் பார்வையிடலாம். பதினான்கு நாள்களுக்குள் நட்டஈட்டைத் தருமாறு அல்லது ஓர் இணக்கத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

திட்டும் இல்லை, சாபமும் இல்லை. வேறொருவர் வாசித்தால் என்ன நடந்தது என்று விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே முறையிடுவது?

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இரண்டு இடங்கள் உள்ளன.

ஒன்று, நுகர்வோர் விவகார அதிகார சபை. மாவட்டச் செயலகங்களில் இதன் அலுவலகங்கள் உள்ளன. 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் விசாரிக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது மிக முக்கியம். "இன்று தருகிறேன், நாளை தருகிறேன்" என்று கராஜ்காரர் இழுத்தடித்தால் இந்த மூன்று மாதமும் கரைந்துவிடும். விசாரித்துக் குறை நிரூபிக்கப்பட்டால் நட்டஈடு வழங்குமாறோ பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ கட்டளையிடும் அதிகாரம் இச்சபைக்கு உண்டு.

மற்றையது, மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதி நாள்களில் ஊர்ப் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் கூடுகின்றன. சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை என்றே சொல்லலாம். மத்தியஸ்தர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இருவரையும் பேசவைத்து, இருவரும் ஒப்புக்கொண்டதை எழுதிக் கையொப்பம் வாங்குகிறார்கள். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற இச்சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போகவே முடியாது. 1988இல் 25,000 ரூபாவாக இருந்த இந்த வரம்பு பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டுள்ளது.

இவை இரண்டும் கைகொடுக்காதபோதுதான் நீதிமன்றம். அதற்கும் கால எல்லை உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், ஒப்பந்தத்தைச் சாராமல் கவனக்குறைவை மட்டும் வைத்துக் கேட்கும் நட்டஈட்டுக்கு இரண்டு வருடம். ஒரு சாதாரணத் தாளில் இருக்கும் கையொப்பம் எவ்வளவு பெறுமதியானது என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

மத்தியஸ்த சபையில் நடந்தது

ஒரு சனிக்கிழமை காலை, பாடசாலை வகுப்பறை ஒன்றில், பிள்ளைகளின் சிறிய கதிரைகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். நானும் வெளியே காத்திருந்தேன். மூன்று மத்தியஸ்தர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் படங்களைப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்ட முதல் கேள்வி: "திங்கட்கிழமை காலையில் வண்டி எடுக்கும் முன் தண்ணீர் பார்த்தீர்களா?"

மச்சான் சற்றுத் தயங்கிவிட்டு, "இல்லை சேர். அவசரத்தில் பார்க்கவில்லை" என்றார். அந்த ஓர் உண்மைக்குப் பிறகு அறையின் சூடு தணிந்ததாகப் பின்னர் சொன்னார். கராஜ்காரரும் அதுவரை சொல்லாததைச் சொன்னார்: "கிளிப்பை நான் இறுக்கல்ல. பொடியன் இறுக்கியிருப்பான் எண்டு நினைச்சிட்டேன்."

மதிப்பீடு 140,000 ரூபா. பழைய எஞ்சினுக்குப் புதுப் பாகம் என்பதையும், காலையில் தண்ணீர் பார்க்கப்படவில்லை என்பதையும் கருத்திற் கொண்டு, 100,000 ரூபாவை நான்கு மாதத் தவணைகளில் தருவதாகக் கராஜ்காரர் ஒப்புக்கொண்டார். வான் ஓடாத பதினொரு நாள்களுக்கு வாடகை வான் பிடித்த செலவையும் மச்சான் கேட்டிருக்கலாம். அதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் வாங்கவில்லை. எனவே அதை விட்டுக்கொடுத்தார். வருமான இழப்பைக் கேட்பவர்கள் பிள்ளைகளின் கட்டணப் பதிவுக் கொப்பி, வாடகைச் சீட்டு போன்றவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அடுத்த முறை வாகனத்தைக் கொடுக்கும்போது

இந்தப் பிணக்கின் பெரும்பகுதி, சனிக்கிழமை காலையில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் எழுந்தே இருக்காது. எனவே வாசகர்கள் இவற்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளலாம்:

- வாகனத்தை ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

- கிலோமீற்றர், எரிபொருள் அளவு, உள்ளே உள்ள உதிரிச் சில்லு, ஜாக்கி, ரேடியோ, பெட்டரி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

- என்ன வேலை, எவ்வளவு கூலி, என்ன பாகம், புதியதா பழையதா என்று எழுதி இரு பக்கமும் கையொப்பம் இடுங்கள். "உங்களை நம்பாமல் அல்ல, எனக்கு மறந்துவிடும்" என்று சொன்னால் எவரும் மனம் நோகமாட்டார்.

- மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள்.

- வாகனத்தை எடுத்தவுடன் கராஜ்காரரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை தண்ணீர், ஒயில், பிறேக் ஒயில் மூன்றையும் பாருங்கள்.

மச்சான் இப்போதும் அதே கராஜுக்குத்தான் போகிறார். தவணைப் பணம் நான்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கராஜ்காரரின் மகள் இன்றும் அதே வானில் முன் வரிசையில் உட்கார்ந்துதான் பாடசாலைக்குப் போகிறாள். சென்ற மாதம் பிறேக் வேலைக்காக வானை விடப் போனபோது மச்சான் தன் கொப்பியை எடுத்தாராம். கராஜ்காரர் சிரித்துக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து, காபன் தாள் வைத்த புதிய பில் புத்தகத்தை எடுத்து வைத்தாராம்.